சென்னை மின்சார ரயில்: குளிர்சாதன வண்டியா, கூடுதல் வண்டியா?

#1 — கூடுவாஞ்சேரி வாசி

2025 ஏப்ரல் 19 அன்று சென்னைக் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே குளிர்சாதன மின்சார ரயில் ஓடத் தொடங்கியது முதல், புறநகர் ரயிலைப் பற்றிப் பேச்செடுத்தாலே அந்த ஒரு வண்டியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். பன்னிரண்டு பெட்டிகள், தானாக மூடும் கதவுகள், 1,116 பேர் உட்காரவும் ஏறத்தாழ 3,800 பேர் நிற்கவும் இடம் என்று அதன் பெருமைகளை நாளிதழ்கள் எழுதித் தீர்த்துவிட்டன. வண்டியின் தரத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை. எதை மேம்பாடு என்று நாம் ஏற்றுக்கொள்கிறோம் என்பதில்தான் எனக்கு வேறு கருத்து உண்டு. அதை இங்கே உள்ளவர்களோடு பேசித் தெளிவதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அந்த வண்டிக்கு முதலில் கொடுத்த நேரத்தைப் பாருங்கள். காலை 7 மணிக்குக் கடற்கரையில் புறப்பட்டுத் தெற்கே செங்கல்பட்டு வரை போய், அங்கிருந்து 9 மணிக்குத் திரும்பி, பத்தரை மணி வாக்கில் கடற்கரையை அடையும்படி அட்டவணை போட்டிருந்தார்கள். காலையில் இந்தத் தடத்தின் கூட்டம் முழுவதும் தெற்கிலிருந்து வடக்கே வருகிறது என்பது ஒரு வாரம் பயணம் செய்த எவருக்கும் தெரியும். அலுவலகம் திறந்த பிறகு வந்து சேரும் வண்டியில் அலுவலகம் போகிறவர் எப்படி ஏறுவார்? பயணிகள் எழுதிக் கேட்ட பிறகு, மே 2 முதல் நேரத்தை மாற்றி, நாளொன்றுக்கு எட்டுச் சேவைகளாக ஆக்கினார்கள். இரண்டே வாரத்தில் செவிசாய்த்தது பாராட்டத்தக்கது. ஆனால் வண்டியை விடுவதற்கு முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

அடுத்தது கட்டணம். சாதாரண மின்சார ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய், குளிர்சாதன வண்டியில் 35 ரூபாய். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 10 ரூபாய் கொடுப்பவர் இதில் 85 ரூபாயும், செங்கல்பட்டு வரை போகிறவர் 105 ரூபாயும் கொடுக்க வேண்டும். மாதச் சீசன் டிக்கெட் தூரத்தைப் பொறுத்து 620 ரூபாயில் தொடங்கி 2,115 ரூபாய் வரை போகிறது. மாதம் பதினைந்தாயிரம் ரூபாய் ஊதியம் பெறும் ஒருவர் அதில் ஏழில் ஒரு பங்கைப் பயணத்துக்கே கொடுப்பாரா?

தாம்பரத்துக்குத் தெற்கே வசிக்கும் எங்களுக்கு முதல் தேவை குளிர்ச்சி அன்று. கடற்கரையிலிருந்து வரும் வண்டிகளில் பெரும்பகுதி தாம்பரத்தோடு நின்றுவிடுகிறது. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் என்று இந்த வரிசையில் கடந்த இருபது ஆண்டுகளில் ஏறிய மக்கள்தொகைக்கும் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் பொருத்தமே இல்லை. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடையே உள்ள நேரம் எவ்வளவு என்பதைத்தான் நான் சேவையின் அளவுகோலாகக் கொள்கிறேன். மற்றவையெல்லாம் அதற்குப் பிறகே. உங்கள் கருத்து என்ன?

#2 — பழைய யூனிட்

நல்ல கேள்வி. சற்றுப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் இதற்குப் பொருள் கூடும்.

கடற்கரை–தாம்பரம் மின்சாரப் பாதை 1931இல் தென்னிந்திய ரயில்வே காலத்தில் மீட்டர்கேஜில் தொடங்கியது. எங்கள் தலைமுறையில் இதை யாரும் புறநகர் ரயில் என்று சொல்லவில்லை. ‘யூனிட் வண்டி’ என்போம், இல்லாவிட்டால் ‘எலெக்ட்ரிக் ட்ரெயின்’. அந்த மீட்டர்கேஜ் வண்டிகள் 2004 வரை ஓடின. தடம் அகலப்பாதையாக மாறியபோது எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் இடையே நான்கு பாதைகளும் ஒரே அகலத்துக்கு வந்தன. புறநகர் வண்டியை விரைவுப் பாதையில் திருப்பிவிடலாம் என்ற வசதி அப்போதுதான் முழுமையாகக் கிடைத்தது. அந்த மாற்றம் யாருடைய கண்ணையும் கவரவில்லை, திறப்பு விழாப் படங்களிலும் அதற்கு இடமில்லை. ஆனால் இன்று இத்தனை வண்டிகள் ஓடுவதற்கு அதுவே அடிப்படை. அந்த வகையில் கூடுவாஞ்சேரி நண்பர் சொல்வதோடு நான் ஒத்துப்போகிறேன்.

ஆனால் குளிர்சாதன வண்டியைத் தேவையற்ற ஆடம்பரம் என்பதுபோல் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மும்பையில் முதல் குளிர்சாதன உள்ளூர் ரயில் 2017 டிசம்பர் 25 அன்று ஓடியது. அந்த வண்டி பெரம்பூரில் நம் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் கட்டியது. இங்கே செய்து அங்கே அனுப்பிவிட்டு, சென்னை தன் முறைக்காக ஏழு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பதெல்லாம் பெரம்பூருக்குப் பொருந்தாது போலும். சித்திரை வெயிலில் மாம்பலத்தில் ஏறிச் செங்கல்பட்டு வரை நின்றுகொண்டு போகிற அறுபது வயதுக்காரருக்குக் குளிர்ச்சி தேவையா இல்லையா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். குறை கட்டணத்தில் இருக்கிறது, வண்டியில் இல்லை.

கட்டணத்தைப் பற்றியும் ஒன்று. 2014 ஜூனில் புறநகர் மாதச் சீசன் டிக்கெட்டை, பதினைந்து ஒற்றைப் பயணங்களின் கட்டணத்துக்குப் பதிலாக முப்பது பயணங்களின் கட்டணமாகக் கணக்கிடப் போவதாக ரயில்வே அறிவித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2025 ஜூலையில் மற்ற ரயில்களின் கட்டணத்தை உயர்த்தியபோதும் புறநகர் டிக்கெட்டையும் சீசன் டிக்கெட்டையும் தொடவில்லை. ஆக, சாதாரண வண்டியின் கட்டணத்தை உயர்த்த எந்த அரசுக்கும் துணிவில்லை. ஐந்து ரூபாய் டிக்கெட்டில் செலவும் மீளாது. உயர்த்த முடியாததை உயர்த்தாமல், பக்கத்திலேயே விலை கூடிய வண்டி ஒன்றை ஓட்டுவது அவர்கள் கண்டுகொண்ட வழி. இதைப் புரிந்துகொண்டு விவாதித்தால் நல்லது.

#3 — சீசன் டிக்கெட்

இருவரும் வெப்பத்தையும் விலையையும் பேசினீர்கள். கதவை யாரும் பேசவில்லையே, ஐயா.

2018 ஜூலை 24 காலையில் பரங்கிமலை நிலையத்தில் நடந்ததை இந்தத் தடத்தில் போகிற யாரும் மறந்திருக்க முடியாது. மின்கம்பி அறுந்ததால் புறநகர்ப் பாதையில் போக வேண்டிய வண்டியை விரைவுப் பாதையில் திருப்பிவிட்டார்கள். முன்னால் சில வண்டிகள் தடைப்பட்டதால் பெட்டிகள் பிதுங்கி வழிந்தன. படியில் தொங்கிக்கொண்டு போனவர்கள் பாதையோரத்துக் கான்கிரீட் தடுப்புச் சுவரில் மோதி உயிரிழந்தார்கள். ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ என்று எழுதிப்போட்டுவிட்டால் பொறுப்பு முடிந்துவிடுமா? உள்ளே இடமில்லாதவர் எங்கே நிற்பார்? கதவு மூடிய பிறகே வண்டி நகரும் என்ற ஓர் ஏற்பாடு அன்று இருந்திருந்தால் அந்தக் குடும்பங்களுக்கு அந்த நாள் வேறு மாதிரி போயிருக்கும். 2025 ஜூன் 9 அன்று மும்பையை அடுத்த மும்ப்ராவில் அதேபோலப் பயணிகள் விழுந்து இறந்த பிறகுதான், குளிர்சாதனம் இல்லாத வண்டிகளிலும் காற்றுப்புகும் சாளரக் கதவுகளும் கூரைமேல் காற்றோட்டக் கருவியும் வைத்துத் தானியங்கிக் கதவு பொருத்தப்போவதாக ரயில்வே அமைச்சகம் அறிவித்தது.

எனவே என் பார்வையில் அந்த வண்டியின் மதிப்பு குளிர்ச்சியில் இல்லை, மூடும் கதவில் இருக்கிறது. கட்டணத்தையும் ஒற்றைப் பயணமாக வைத்துப் பேச வேண்டாம். செங்கல்பட்டு வரைக்கும் 2,115 ரூபாய் என்றால், மாதம் இருபத்தைந்து நாள் போய்வருகிறவருக்கு ஒரு பயணம் ஏறத்தாழ 42 ரூபாய்தான். நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோவையும், நெரிசலில் போய்வந்து அன்றாடம் படும் அலுப்பையும் சேர்த்துப் பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய தொகை இல்லை. என்னோடு பணிபுரியும் பலர் அதில் மாறிவிட்டார்கள்.

பெண்கள் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாலை ஆறரை மணிக்கு மாம்பலம் நடைமேடையில் நின்று பார்த்தால், பெண்கள் பெட்டி எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று தெரிந்த கூட்டம் ஒரே இடத்தில் குவிந்திருக்கும்; துணிக்கடைப் பைகளோடு வருபவர்கள், பூக்கூடையை இடுப்பில் வைத்திருப்பவர்கள், கல்லூரிப் பெண்கள் எல்லோரும் ஒரே கதவைக் குறிவைத்து நிற்பார்கள். அதே பெட்டியில் இரவு பத்து மணிக்குப் பிறகு பல்லாவரம் தாண்டினால் மூன்று நான்கு பேர்தான் இருப்பார்கள். முதல் நிலைமைக்குக் கூடுதல் இடம் வேண்டும். இரண்டாவதற்குக் காவலர் வேண்டும். வண்டிகளுக்கு இடையே உள்ள நேரத்தை மட்டும் அளந்தால் இந்த இரண்டாவது தேவை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

#4 — தண்டவாளம்

கூடுவாஞ்சேரி வாசி கேட்பது நியாயம். அது ஏன் உடனே நடக்காது என்பதற்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் தரையில் கிடக்கிறது.

எழும்பூரிலிருந்து தாம்பரம் வரை நான்கு பாதைகள். அவற்றில் இரண்டு புறநகர் வண்டிகளுக்கே உரியவை என்பதால் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி விட முடிகிறது. தாம்பரத்தைத் தாண்டினால் செங்கல்பட்டு வரை மூன்றே பாதைகள். அந்த மூன்றாவதும் கட்டங்கட்டமாகவே முடிந்தது. மூன்றாவது பாதையில் இரு திசைகளிலும் வண்டி விடலாம் என்றாலும் ஒரே நேரத்தில் ஒரு திசையில்தான் விட முடியும். மதுரை, நெல்லை, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கமிருந்து இரவு முழுவதும் ஓடிவரும் விரைவு வண்டிகள் செங்கல்பட்டை நெருங்கும் நேரமும், நீங்கள் கூடுவாஞ்சேரியில் காலை வண்டிக்காக நிற்கும் நேரமும் பெரும்பாலும் ஒன்றுதான். மாலையில் அதே வண்டிகள் புறப்படும்போது எதிர்த்திசையில் இதே நெருக்கடி. ஒரு விரைவு வண்டி பத்து நிமிடம் பிந்தினால் அதன் பின்னால் வரும் மின்சார ரயிலும் அதற்குப் பின்னால் வருவதும் சேர்ந்து பிந்துகின்றன.

இதற்குத் தீர்வு நான்காவது பாதைதான். தாம்பரம்–செங்கல்பட்டு நான்காம் பாதைக்கு, சுமார் 30 கிலோமீட்டர் நீளத்துக்கு, 757 கோடி ரூபாய் மதிப்பில் 2025இல் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. ஒப்புதலுக்கும் வண்டி ஓடுவதற்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்பதைச் சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரை–எழும்பூர் நான்காம் பாதையின் நீளம் 4.3 கிலோமீட்டர்தான், மதிப்பீடு 274 கோடி ரூபாய். கோட்டை, பூங்கா நகர் பகுதிகளில் ஓர் அங்குல இடத்துக்கும் போட்டி என்பதால், பறக்கும் ரயில் எனப்படும் கடற்கரை–வேளச்சேரி உயர்மட்டத் தடத்தின் ஒரு பகுதியையே நிறுத்திவைத்து வேலை பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் கதையை மந்தைவெளி நண்பர் எழுதுவார் என்று நினைக்கிறேன்.

இப்போது குளிர்சாதன வண்டிக்கு வருகிறேன். ஒரே ஒரு வண்டித்தொடரைக் கொண்டு தொடங்கிய சேவை அது. நெரிசல் நேரத்தில் ஒரு சாதாரண வண்டி ஓடக்கூடிய இடைவெளியில் அது ஓடுகிறது என்றால், ஐந்து ரூபாய், பத்து ரூபாய் டிக்கெட்டில் போகும் கூட்டம் அப்படியே அடுத்த வண்டியில் போய்ச் சேரும். கதவு மூடினால்தான் வண்டி நகரும் என்பதால், கூட்டம் முண்டியடிக்கும் நிலையத்தில் அது நிற்கும் நேரமும் நீளும். சகோதரி சொல்லும் பாதுகாப்பை நான் மறுக்கவில்லை. அந்தப் பாதுகாப்பு எல்லா வண்டிக்கும் வந்தால் நிற்கும் நேரம் எல்லோருக்கும் சமமாகி அட்டவணை ஒழுங்காக அமையும். இரண்டு வகை வண்டிகளைக் கலந்து ஓட்டும்போதுதான் சிக்கல் மிகுதி. ஆகையால் கூடுதல் பாதை முதலில், சீரான வண்டி அடுத்து, விலை கூடிய வண்டி அதற்குப் பிறகு என்பதே என் வரிசை.

#5 — மறைமலைநகர் ஷிப்ட்

பாதையும் கதவும் பேசுகிறீர்கள், சரி. அறிவிப்பைப் பற்றியும் யாராவது பேசுங்கள். பராமரிப்புப் பணிக்காக வண்டிகள் ரத்து என்ற செய்தி முந்தின நாள் மாலையில் வருகிறது. தொழிற்சாலையில் காலை ஷிப்டுக்கு ஆறு மணிக்கு நுழைய வேண்டியவன் இரவோடு இரவாக என்ன மாற்று ஏற்பாடு செய்வான்? 2024 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தாம்பரம் யார்டு மறுசீரமைப்பு நடந்தபோது நாட்களை முன்கூட்டியே சொன்னார்கள், மாநகரப் போக்குவரத்துக் கழகம் கூடுதல் பேருந்துகளை விட்டது. சிரமம் இருந்தாலும் ஆயத்தமாக முடிந்தது. பெரிய பணிக்கு முடிகிற ஒழுங்கு வார இறுதிச் சிறு பணிக்கு ஏன் முடிவதில்லை?

#6 — மந்தைவெளி

தண்டவாளம் நண்பர் அழைத்ததால் பறக்கும் ரயிலின் பக்கத்தை எழுதுகிறேன்.

கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995 நவம்பரில் தொடங்கி, 1997இல் திருமயிலைக்கும், 2004இல் திருவான்மியூருக்கும், 2007இல் வேளச்சேரிக்கும் நீண்ட தடம் இது. அதாவது ஏறத்தாழ 19 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையான மீதி 5 கிலோமீட்டரை 2008இல் தொடங்கினார்கள். ஆதம்பாக்கம் அருகே சுமார் 500 மீட்டர் நிலம் வழக்குகளில் சிக்கியதால் மற்றத் தூண்கள் எல்லாம் எழுந்து நிற்க, இடையில் அந்தத் துண்டு மட்டும் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது. பரங்கிமலையில் மெட்ரோவும் மின்சார ரயிலும் சந்திக்கின்றன. பறக்கும் ரயிலும் அங்கே போய்ச் சேர்ந்தால்தான் அது ஒரு வலைப்பின்னலின் பகுதியாகும். இல்லையேல் பழைய மாமல்லபுரச் சாலை அலுவலகங்களுக்குப் போகிறவர்களுக்கு அது ஒரு முட்டுச்சந்துதான்.

இதன் நடுவே 2023 ஆகஸ்ட் 27 முதல், நான்காம் பாதைப் பணிக்காகக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே சேவையை நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்று சொன்னார்கள். மீண்டும் வண்டி ஓடியது 2024 அக்டோபர் 29 அன்று. சொன்ன காலத்தைப்போல் இரு மடங்கு. அந்தப் பதினான்கு மாதங்களும் வேளச்சேரியிலிருந்து வருகிறவர்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, பூங்கா நிலையத்துக்கோ சென்ட்ரலுக்கோ நடந்தோ பேருந்து பிடித்தோ போனார்கள். வேளச்சேரியிலிருந்து ஆவடி, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் நேராகப் போய்க்கொண்டிருந்த வண்டிகளும் அறுபட்டன. வடசென்னையில் குடியிருந்து தரமணியில் வேலை பார்க்கிறவருக்கு அந்த நேர் வண்டி எவ்வளவு பெரிய உதவி என்பதை, தென்தடத்திலேயே போய்வருகிறவர்கள் அறிய வாய்ப்பில்லை.

அந்த நிறுத்தம் நீடித்துக்கொண்டிருந்தபோதுதான் 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையின் வான் சாகச நிகழ்ச்சி நடந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு அட்டவணைப்படி வண்டிகள் குறைவு. கடற்கரை வரையான இணைப்பும் இல்லை. இலட்சக்கணக்கானவர்கள் கூடும் இடத்துக்கு நேராகப் போகும் ஒரே ரயில் தடம் அந்த நிலையில் இருந்தது. வேளச்சேரி நடைமேடையில் காலையில் நிற்க இடமில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் படிக்கட்டு வரை கூட்டம் தேங்கியது. வண்டிக்குள் ஏற முடியாதவர்கள் தண்டவாளத்தில் இறங்கி மறுபக்கக் கதவைத் தேடிப் போன காட்சிகளைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். நிகழ்ச்சியின் நாள் பல வாரங்களுக்கு முன்பே ஊருக்கே தெரியும். ஒரு நாளுக்கு வேலைநாள் அட்டவணையைப் போடுவதற்குப் புதிய பாதையோ புதிய பெட்டியோ தேவையில்லை. ஓர் ஆணை போதும். இதைத்தான் நான் சேவை என்கிறேன்.

நிலையங்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மயிலாப்பூரிலும் கோட்டூர்புரத்திலும் அரண்மனை அளவுக்கு எழுப்பிய கட்டடங்களில் பயணிகள் பயன்படுத்துவது ஒரு மூலையைத்தான், மீதி இருட்டு. இரண்டாம் கட்டத்தின் செலவில் பெரும்பங்கை மாநில அரசு கொடுத்தது, வண்டி ஓட்டுவது தெற்கு ரயில்வே. இரண்டு உடைமையாளர்கள் இருந்தும் மின்விளக்கு மாற்ற ஆளில்லாத நிலை இப்படித்தான் வருகிறது. 2025இல் இந்தத் தடத்தை மாநில அரசின் பக்கம், சென்னை மெட்ரோவோடு சேர்ப்பதற்கு ரயில்வே கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. அப்படி மாறும்போது கட்டணமும் மெட்ரோ அளவுக்கு ஏறுமா என்பதே இங்கே பலருடைய அச்சம். ஐந்து ரூபாய்க்குத் திருவல்லிக்கேணியிலிருந்து திருவான்மியூர் போகிற மீன் வியாபாரி அம்மாவுக்கு வெளிச்சமான நிலையம் கிடைத்து, கூடையோடு ஏறும் உரிமை போய்விட்டால் அது யாருக்கான மேம்பாடு?

#7 — கும்மிடிப்பூண்டி தடம்

ஆறு பதிவுகள் ஆகியும், வடக்குத் தடம் என்ற ஒன்று இருப்பது மந்தைவெளி நண்பர் ஒருவருக்குத்தான் நினைவில் வந்தது, அவருக்கு நன்றி.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் புறப்பட்டது எங்கள் இராயபுரத்திலிருந்து. இன்று புறநகர் ரயில் என்றால் தாம்பரம், மேம்பாடு என்றால் தாம்பரம், புகார் என்றாலும் தாம்பரம்தான். எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கும் அங்கிருந்து ஆந்திர எல்லைக்குள் சூளூர்ப்பேட்டைக்கும் போகும் எங்கள் தடத்தில், அத்திப்பட்டுக்கு வடக்கே இரண்டே பாதைகள். தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் விஜயவாடாவுக்கும் போகும் வண்டிகள் எல்லாம் அதில்தான் போகின்றன. போதாததற்கு எண்ணூர்ப் பகுதியின் துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் உரிய சரக்கு வண்டிகள். மின்சார ரயிலை ஓரமாக நிறுத்திவிட்டு நிலக்கரி வண்டி கடந்து போகும்வரை காத்திருப்பது இங்கே புதுமையல்ல. சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்களும் பொன்னேரியிலிருந்து காய்கறி, மீன் கொண்டுபோகிறவர்களும் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டிய நேரத்தைத் தாம்பரத்துக்காரர்கள் கேட்டால் மலைத்துப்போவார்கள்.

அரக்கோணம் மார்க்கத்து நண்பர்களும் வந்து எழுதினால் நன்றாக இருக்கும். எங்கள் இருவருக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. நாங்கள் வந்து இறங்குவது சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில். தென்தடத்து வண்டி பிடிக்கச் சாலையைக் கடந்து பூங்கா நிலையத்துக்குப் போக வேண்டும். சுரங்கப்பாதையில் இறங்கி ஏறி, மூட்டையோடும் குழந்தையோடும் நடக்கிறவர்களைப் பார்த்தால் இவை இரண்டும் ஒரே ரயில்வேயின் நிலையங்கள் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

#8 — நெறியாளர்

இதுவரை விவாதம் பொருளைவிட்டு விலகாமல் போகிறது, மகிழ்ச்சி. ஒரு வேண்டுகோள்: குறிப்பிட்ட வண்டியைப் பற்றிய அன்றாடப் புகார்களை இங்கே எழுதுவதோடு நிறுத்தாமல், 139 என்ற எண்ணிலோ ‘ரயில் மதத்’ செயலியிலோ பதிவுசெய்யுங்கள். வண்டி எண், நிலையம், நேரம் மூன்றும் இருந்தால்தான் அந்தப் புகார் உரிய பிரிவுக்குப் போகும். பணியாளர்களின் பெயரை இங்கே எழுத வேண்டாம்.

#9 — சீசன் டிக்கெட்

தண்டவாளம் அண்ணனுக்கு ஒரு மறுப்பு. கூடுதல் பாதை முதலில், மற்றவை பிறகு என்று வரிசை போட்டால், பாதை வரும்வரை கதவு வராது என்று பொருளாகிவிடும். 4.3 கிலோமீட்டருக்கே இத்தனை காலம் ஆன ஊரில், 30 கிலோமீட்டர் பாதை முடியும்வரை படியில் தொங்குகிறவர்கள் காத்திருக்க வேண்டுமா? பெட்டி மாற்றுவது தொழிற்சாலையின் வேலை, பாதை போடுவது கட்டுமானப் பிரிவின் வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்பதில் என்ன தடை?

மேலும் ஒன்று. குளிர்சாதன வண்டியில் சாதாரண டிக்கெட்டோடு ஏறிவிடுகிறவர்களைப் பற்றி எரிச்சலோடு பேசுகிறோம். நடைமேடையில் அறிவிப்பு தெளிவாகக் கேட்காத இடத்தில், வந்து நிற்பது எந்த வண்டி என்று தெரியாமல் ஏறும் வயதானவர்கள் அவர்களில் உண்டு. கதவு மூடிய பிறகுதான் அவர்களுக்கு விவரம் தெரிகிறது, அடுத்த நிலையத்தில் அபராதம். சாதாரணச் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் வேறுபாட்டுத் தொகையை மட்டும் கட்டி அன்றைக்கு மட்டும் அதில் போக வழி செய்தால், இடமும் நிரம்பும், சண்டையும் குறையும்.

#10 — கூடுவாஞ்சேரி வாசி

எல்லோருடைய பதிவையும் படித்தேன். அறுபது வயதுக்காரரின் வெயிலும் சகோதரியின் கதவும் எனக்குப் புரிகின்றன. ஆனாலும் வண்டிகளின் எண்ணிக்கையே முதன்மை என்ற என் கருத்தில் மாற்றமில்லை. படியில் தொங்குவதே எண்ணிக்கைக் குறைவால் வருவதுதான். கதவு மூடும் வண்டி பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் உயிரைக் காக்கும். அரைமணிக்கு ஒன்று வந்தால் பாதிப்பேரை நடைமேடையிலேயே விட்டுவிட்டுப் போகும்.

இன்னொரு செய்தியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தது. தென்மாவட்டங்களுக்குப் போகும் பேருந்துகளை அங்கே மாற்றினார்கள். முனையத்தின் எதிரிலேயே ரயில் பாதை ஓடுகிறது, ஆனால் திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, பெட்டியோடு வேறு வண்டி பிடித்து முனையத்துக்குப் போக வேண்டிய நிலை. பொங்கலுக்கு ஊர் போகிற குடும்பங்கள் அன்று பட்ட பாட்டுக்குக் காரணம் பணம் இல்லாததன்று. பேருந்துக்காரர்களும் ரயில்காரர்களும் முன்கூட்டியே ஒரு மேசையில் உட்கார்ந்து திட்டமிடாததுதான். மாம்பலத்தில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறந்தபோது அந்த ஒருங்கிணைப்பு சாத்தியம் என்பதைப் பார்த்தோம். 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்க முடிகிறது. டிக்கெட் ஒன்றுசேர்ந்துவிட்டது, நேரங்கள் இன்னும் ஒன்றுசேரவில்லை. கடைசிப் பேருந்தும் கடைசி ரயிலும் ஒன்றையொன்று பார்க்காமலே போகின்றன.

2025 மே 22 அன்று அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பித்துத் திறந்த நிலையங்களில் பரங்கிமலையும் ஒன்று. முகப்பு அழகாகவே இருக்கிறது. அதே நிலையத்தில்தான் 2018இல் அந்தச் சுவர் இருந்தது என்பதால், முகப்பைவிட நடைமேடை ஓரத்தையும் பாதைக்கு அருகிலுள்ள தடுப்புகளையும் பற்றியே நான் முதலில் கேட்பேன்.

கோட்ட ரயில் பயனாளர் ஆலோசனைக் குழுவுக்கு ஒரு மனு எழுதலாம் என்று நினைக்கிறேன். தாம்பரத்தோடு நிற்கும் மாலை வண்டிகளில் சிலவற்றைக் கூடுவாஞ்சேரி வரையாவது நீட்டிப்பது. பொது நிகழ்ச்சி நடக்கும் ஞாயிறுகளில் வேலைநாள் அட்டவணை. பராமரிப்புப் பணிக்காக வண்டிகளை ரத்துசெய்யும் அறிவிப்பைக் குறைந்தது மூன்று நாள் முன்னதாக வெளியிடுவது. சாதாரணச் சீசன் டிக்கெட்டுக்கு வேறுபாட்டுத் தொகை வசதி. இரவு பத்து மணிக்குப் பிறகு பெண்கள் பெட்டியில் காவலர். வேறு என்ன சேர்க்கலாம்?

#11 — தண்டவாளம்

மனுவில் ‘கூடுவாஞ்சேரி வரை நீட்டிக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதினால், வண்டி திரும்புவதற்கு அங்கே இடமில்லை என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். நடுவழி நிலையத்தில் ஒரு வண்டி திரும்ப வேண்டுமானால், பின்னால் வருவதை மறிக்காமல் ஒதுங்கி நிற்கத் தனிப்பாதை வேண்டும். நான்காம் பாதையின் வரைபடம் இறுதியாகும் முன்பே, இடையில் ஒரு நிலையத்தில் அத்தகைய திரும்புபாதை அமைக்க வேண்டும் என்று கேளுங்கள். கட்டி முடித்த பிறகு கேட்டால் நடக்காது. அதுவரைக்கும் செங்கல்பட்டு வரை முழுதாக நீட்டிக்க எத்தனை வண்டிகளுக்கு இடமிருக்கிறது என்ற விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

#12 — கும்மிடிப்பூண்டி தடம்

மனு தெற்குத் தடத்துக்கு மட்டும் என்றால் என் கையெழுத்து கிடையாது. அத்திப்பட்டுக்கு வடக்கே கூடுதல் பாதை, காலை ஆறு முதல் ஒன்பது வரை சரக்கு வண்டிக்கு முன்னுரிமை இல்லை என்ற உறுதி, மூர் மார்க்கெட் வளாகத்துக்கும் பூங்காவுக்கும் இடையே மின்தூக்கியோடு கூடிய இணைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துவிட்டு வரைவை இங்கே போடுங்கள். பொன்னேரியில் கையெழுத்து வாங்கித் தருவது என் பொறுப்பு.